நாற்பதில் முடிசூடிய ராணிகள்

இருபது வயதில் பாடினார்கள். பெயர் கம்பெனிக்குப் போனது. நாற்பதைத் தாண்டிப் பாடினார்கள். உலகமே எழுந்து ஆடியது. தென்னாப்பிரிக்காவின் மஹோட்டெல்லா குவீன்ஸ் கதை.

1960-களின் நடுப்பகுதியில் தென்னாப்பிரிக்காவில் ரேடியோவைத் திருப்பினால் பெண்கள் பாட்டுக் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. டிமா சிஸ்டர்ஸ் பாடுவார்கள். அடுத்து மருலா பூம் ஸ்டார்ஸ். கொஞ்சம் பொறுத்தால் ம்துன்சினி கேர்ள்ஸ். அதற்கடுத்து இசிந்தோம்பி சோம்கஷியோ. ஒவ்வொரு குழுவுக்கும் தனி ரசிகர் கூட்டம், தனி இசைத்தட்டுகள். ஜூலு பேசுகிறவர்கள் ஒரு குழுவைத் தங்கள் வீட்டுப் பெண்கள் என்று கொண்டாடினார்கள். சோத்தோ பேசுகிறவர்கள் இன்னொரு குழுவை.

விஷயம் என்னவென்றால், பாடியது கிட்டத்தட்ட அதே பெண்கள்தான். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரே கம்பெனியின் ஸ்டூடியோவில், ஒரே வாத்தியக்காரர்களோடு நின்று பாடிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். தட்டின் நடுவில் எந்தப் பெயரை ஒட்டுவது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். அப்படி ஒட்டப்பட்ட பெயர்களில் ஒன்று மஹோட்டெல்லா குவீன்ஸ்.

மற்ற பெயர்களை இன்று பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மஹோட்டெல்லா குவீன்ஸ் என்ற பெயர் மட்டும் லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று உலக மேடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் குழுவில் இருந்த மூன்று பெண்கள் ஹில்டா ட்லூபாட்லா, நோபெசுத்து ம்பாடு, மில்ட்ரெட் மங்க்ஸோலா. மூவருமே நாற்பதைக் கடந்தவர்கள். முப்பதை நெருங்கினாலே பாடகியின் கதை முடிந்தது என்று கணக்கெழுதும் பாப் இசை உலகத்தில் இது சாதாரணக் காரியமில்லை.

காலம் கடந்து வந்த அதிர்ஷ்டம் என்று இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இருபது வயதில் இவர்களிடம் எது குறைவாக இருந்தது? குரல் இருந்தது. ஹிட் பாட்டுகள் இருந்தன. ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. ஒன்றே ஒன்றுதான் இல்லை: இந்தக் குரல் இன்னாருடையது என்ற அடையாளம். அது கைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நாற்பதில் வந்த புகழைக் காட்டிலும் இருபதில் அது வராமல் போனதற்கான காரணங்களில்தான் இந்தக் கதையின் சாரம் இருக்கிறது.

ரேடியோ போட்ட வேலி

1948-ல் வெள்ளையர்களின் நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து தென்னாப்பிரிக்காவில் யார் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம் என்று எல்லாமே தோலின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது. கறுப்பின இசைக்கலைஞர்கள் கூடிக் களித்த சோஃபியாடவுன் பகுதியை 1955 பிப்ரவரியில் காலி செய்யத் தொடங்கினார்கள். அங்கிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி நகரத்துக்கு வெளியே குடியமர்த்தினார்கள். அந்தத் தலைமுறையின் ஜாஸ் கலைஞர்களில் பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். பாடகி மிரியம் மகேபாவின் பாஸ்போர்ட் 1960-ல் ரத்தானது. டிரம்பெட் கலைஞர் ஹியூ மஸகேலாவும் வெளியேறினார்.

போக வழியில்லாதவர்களும் போக விரும்பாதவர்களும் உள்ளூரிலேயே பாடினார்கள். அவர்களுக்கு அமைந்த மேடை, அரசே நடத்திய வானொலி.

1960-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் கறுப்பின மக்களுக்கென்று 'ரேடியோ பாண்டு' என்ற சேவையைத் தொடங்கியது. ஜூலுவுக்கு ஒரு நிலையம், கோசாவுக்கு ஒன்று, சோத்தோவுக்கு ஒன்று, ஸ்வானாவுக்கு ஒன்று. கேட்பதற்குத் தாய்மொழிப் பற்று மாதிரி இருக்கும். உள்நோக்கம் வேறு. கறுப்பின மக்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மக்களாக எழுந்துவிடக் கூடாது. தனித்தனி இனக்குழுக்களாகவே இருக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். ஒலிபரப்பு எஃப்.எம். அலைவரிசையில் வந்தது. சிற்றலையில் வரும் வெளிநாட்டுச் செய்திகளிலிருந்து மக்களைத் திருப்பவும் அது உதவியது.

பாட்டுகளுக்கும் கடுமையான தணிக்கை இருந்தது. ஒரு பாட்டில் ஒரு மொழிதான். கொச்சை கூடாது. அரசியல் வாடை அடிக்கவே கூடாது. ஆகாத பாட்டாக இருந்தால், யாரும் தவறிக்கூடப் போட்டுவிடாதபடி இசைத்தட்டின் அந்த வரிப்பள்ளத்தைக் கூரான கருவியால் கீறியே வைத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று நடந்தது. இத்தனை நிலையங்களுக்கும் நாள் முழுவதும் பாட்டு வேண்டுமே! ஒவ்வொரு மொழியிலும் புதுப்புதுத் தட்டுகள் தேவைப்பட்டன. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு அடித்தது யோகம். கிராமத்துக் கல்யாண மெட்டும், வயல்வெளிப் பாட்டும், மின்சார கிட்டாரும், அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸும் ஒன்றாகக் கலந்து ஓர் ஆட்டப்பாட்டு இசை பிறந்தது. அதற்கு ம்பகாங்கா என்று பெயர். படித்த ஜாஸ் வட்டாரத்தில் அதை மட்டமாகப் பார்த்தார்கள். 'ரேடியோ சரக்கு' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள், வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவியவர்கள் அந்த இசைக்குத்தான் ஆடினார்கள்.

மூன்று நிமிடம் எப்படித் தயாரானது

1964-ல் காலோ என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி, கறுப்பின இசைக்கென்றே மவுத்தேலா என்ற பிரிவைத் தொடங்கியது. அதன் தலைமைக்கு ரூப்பர்ட் போபாபேயைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் ஈ.எம்.ஐ. கம்பெனியில் டார்க் சிட்டி சிஸ்டர்ஸ் போன்ற குழுக்களை வைத்து வெற்றிமேல் வெற்றி பார்த்த கெட்டிக்காரத் தயாரிப்பாளர் அவர். திறமையை மோப்பம் பிடிப்பதில் அவருக்கு இணையில்லை. கண்டிப்புக்கும் பேர்போனவர்.

முதலில் அவர் ஒரு வாத்தியக் குழுவை நிலையாக அமர்த்தினார். மக்கோனா த்சோஹ்லே என்பது அதன் பெயர். எதையும் வாசிக்க வல்லவர்கள் என்று அர்த்தம். முன்னணி கிட்டாரில் மார்க்ஸ் மன்க்வானே, தாள கிட்டாரில் விவியன் ந்குபானே, டிரம்ஸில் லக்கி மொனாமா, சாக்ஸபோனில் வெஸ்ட் நிகோசி. பேஸ் கிட்டார் வாசித்த ஜோசப் மக்வேலா, அந்த நாட்டின் கறுப்பினத்தவர்களில் மின்சார பேஸை முதலில் கையிலெடுத்தவர் என்று சொல்லப்படுபவர். இவர்களில் சிலர் பிரிட்டோரியாவில் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் தெருமுனையில் தகரப் புல்லாங்குழல் ஊதியவர்கள்.

அடுத்தது ஆண் குரல். சைமன் ந்காபிண்டே என்ற இளைஞரை ஊருக்கு மஹ்லாத்தினி என்ற பெயரில்தான் தெரியும். மீசை முளைக்கும் வயதில் அவர் குரல் திடீரென்று பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. பிள்ளைக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்துபோன அம்மா அவரை நாட்டு வைத்தியரிடம் அழைத்துப் போனார். எல்லாம் இயற்கைதான், கவலைப்படாதே என்று அனுப்பிவிட்டார்களாம். அந்த உறுமல் குரல்தான் பின்னாளில் அவருக்கு 'சோவெட்டோவின் சிங்கம்' என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்தது.

இந்தச் சிங்கத்துக்கு எதிரே நின்று பாட ஐந்து பெண்கள்: ஹில்டா, நோபெசுத்து, மில்ட்ரெட், ஜூலியட் மஸமீசா, எத்தெல் ம்ங்கோமெசுலு. மஹோட்டெல்லா குவீன்ஸ் என்ற பெயரில் நிலைத்த முதல் வரிசை இதுதான்.

ஒரு பாட்டு எப்படி அமைந்திருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் நின்று கேட்கலாம். முதலில் கிட்டார் மட்டும் தனியாக வரும். மன்க்வானேயின் விரல்கள் நான்கைந்து விநாடி மணிமணியாக உதிர்க்கும் அந்தத் துணுக்கைக் கேட்டதுமே என்ன பாட்டு என்று ரசிகர்களுக்குத் தெரிந்துவிடும். உடனே டிரம்ஸும் பேஸும் ஒன்றாக விழும். மக்வேலாவின் பேஸ் பின்னால் ஒதுங்கி நிற்காது. தரையை அதிரவைத்துக்கொண்டு பாட்டை முன்னே இழுக்கும். கார்டுகள் (ஸ்வரக்கூட்டுகள்) மூன்று, மிஞ்சினால் நான்கு. அதே வட்டம் திரும்பத் திரும்பச் சுழலும். அதன் மேல் பெண்கள் ஒரு சின்ன வரியை எடுப்பார்கள். ஹில்டா முன்னே தொடுக்க, மற்றவர்கள் அடுக்கடுக்காக வந்து சேருவார்கள். அமெரிக்கப் பாணியைப் பின்பற்றிய பழைய குழுக்கள் நான்கு குரல் அடுக்கில் பாடின. இங்கே ஐந்து. கீழ்ஸ்தாயியில் கூடுதலாக ஒரு குரல் சேர்ந்ததில் அந்த ஒலிக்குக் கனம் வந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல அடியிலிருந்து மஹ்லாத்தினி உறுமுவார். பெண்கள் அவரை அடக்குவதுபோல மறுபடி எடுப்பார்கள். கேள்வியும் பதிலும் சூடேறிக்கொண்டிருக்கும்போதே மூன்று நிமிடம் முடிந்துவிடும். தட்டில் அதற்குமேல் இடமில்லை.

பாட்டுகளின் விஷயமெல்லாம் வீட்டு விஷயம்தான்: காதல், ஊர் வம்பு, மாமியார் வீடு, குடிக்கிற புருஷன், ஊரில் விட்டுவந்த அம்மா. சட்டத்தால் குடும்பங்கள் பிரிந்து, ஆண்கள் சுரங்க விடுதியிலும் பெண்கள் கிராமத்திலும் கிடந்த காலத்தில் வீட்டைப் பற்றிப் பாடுவதே ஆறுதலாக இருந்தது. தட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

காசு எங்கே போனது?

தென்னாப்பிரிக்க இசைத்தட்டு வியாபாரத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பெண்களின் நிலைமை புரியாது. சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939-ல் இதே காலோவில் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். பின்னாளில் அந்த மெட்டு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆகி உலகத்தையே சுற்றியது. அதன் உரிமைக்கு லிண்டா கையில் வாங்கியது 10 ஷில்லிங். 1962-ல் வறுமையில் செத்தார். அவருடைய மகள்களுக்கு நியாயமான உடன்பாடு கிடைத்தது 2006-ல்.

மவுத்தேலா காலத்திலும் இந்த நடைமுறை பெரிதாக மாறிவிடவில்லை. பாடுகிறவர்கள் கையில் சேர்ந்தது சொற்பம். பாட்டை இயற்றியவர் என்ற இடத்தில் தயாரிப்பாளரின் பெயரும் ஏறிக்கொள்வது சகஜம். ஒரே குழுவுக்குப் பல பெயர்கள் வைத்ததிலும் கம்பெனிக்கு லாபம் இருந்தது. எல்லா மொழி நிலையங்களிலும் சரக்கு ஓடும். அதைவிட முக்கியம், எந்தப் பாடகியும் தன்னால்தான் தட்டு விற்கிறது என்று கழுத்தை நிமிர்த்திப் பேச முடியாது. பெயர் என்பது வாடகைச் சைக்கிள் மாதிரி. இன்று இவள் ஓட்டுவாள், நாளைக்கு இன்னொருத்தி. சைக்கிள் கடைக்காரருடையது.

1970-களின் தொடக்கத்தில் அதுவேதான் நடந்தது. சம்பளத் தகராறில் மஹ்லாத்தினி போபாபேயை விட்டு விலகினார். முதல் வரிசைப் பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். காசு, கல்யாணம், குழந்தை என்று காரணங்கள் கலந்தே இருந்தன. கம்பெனி அசரவில்லை. வேறு இளம்பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தி, மஹோட்டெல்லா குவீன்ஸ் என்ற பெயரிலேயே தொடர்ந்து தட்டுகளை வெளியிட்டது. ரேடியோவில் குவீன்ஸ் பாடிக்கொண்டேயிருந்தார்கள். அந்தப் பெயரை ஊரறியச் செய்த பெண்கள் வீட்டில் இருந்து அதைக் கேட்டிருக்கலாம்.

புதிதாக வந்த பெண்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்களும் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் இளம்பெண் குழு என்ற வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். வயது ஏற ஏறப் பாடகிக்கு அனுபவம் கூடும். கூடவே கேள்வி கேட்கிற துணிச்சலும் கூடும். கம்பெனிக்கு வேண்டியது முதலாவது மட்டும்தான். இரண்டும் சேர்ந்தே வரும் என்பதால், இருபது வயதுக்காரிகளே வசதி.

காற்று திசை மாறியது

இந்த இடைப்பட்ட பத்தாண்டில் நாடு வேறாகிவிட்டது. 1976 ஜூன் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. அந்தத் தலைமுறைக்கு ம்பகாங்கா என்றால் அப்பா அம்மா காலத்துப் பாட்டு. அதைவிட மோசம், அரசு ரேடியோ ஊட்டி வளர்த்த பாட்டு. இனக்குழு இனக்குழுவாகப் பிரித்து வைக்கிற சூழ்ச்சிக்கு ஒத்து ஊதிய பாட்டு. அமெரிக்க சோல் இசையும் டிஸ்கோவும் அவர்களுக்கு நவநாகரிகமாக, நிமிர்ந்த முதுகோடு இருந்தன. சோல் பிரதர்ஸ் குழுவினர் ஆர்கனை முன்னே வைத்து ம்பகாங்காவின் முகத்தையே மாற்றினார்கள். 1983-ல் பாடகி பிரெண்டா ஃபாஸியின் 'வீக்கெண்ட் ஸ்பெஷல்' பாட்டு வந்தது. கிட்டார் துணுக்கும் ஐந்து குரல் அடுக்கும் பழங்கதையாகின.

இளைஞர்களின் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. ரேடியோ பாண்டு இல்லையென்றால் இந்த இசைக்கு அவ்வளவு பெரிய சந்தை இருந்திருக்காது. ஆனால் வேலி போட்டது யார், வேலிக்குள் நின்று பாடியது யார் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவர் வைத்திருந்தே ஆகவேண்டிய பாஸ் என்ற அனுமதிப் புத்தகம் கையில் இல்லாமல் ராத்திரியில் நகரத்துக்குள் நடமாடவே முடியாத ஒரு பெண், தணிக்கைக்குத் தப்பிய வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை ஆடவைத்தாள். அதை அடிமைப் பாட்டு என்று ஒதுக்குவது நியாயமில்லை.

பழைய கூட்டணி, புதிய காது

1980-களின் தொடக்கத்தில் கறுப்பின மக்களுக்கான தொலைக்காட்சி அலைவரிசைகள் வந்தன. அவற்றில் வந்த ஒரு தொடரில் மக்கோனா த்சோஹ்லே ஆட்கள் தோன்ற, பழைய ரசிகர்கள் குதூகலித்தார்கள். சூட்டோடு சூடாக மன்க்வானே பழைய பெண்களைத் தேடிப் பிடித்தார். 1983-ல் முதல் வரிசை மறுபடியும் மைக் முன்னால் கூடியது. மஹ்லாத்தினியும் திரும்பிவந்தார். ஐவரில் ஹில்டாவும் நோபெசுத்துவும் மில்ட்ரெட்டும் தொடர்ந்து நின்றார்கள்.

உள்ளூரில் வரவேற்பு சுமார்தான். நடுத்தர வயதுக்காரர்கள் பழைய நினைப்பில் வாங்கினார்கள். கதையைத் திருப்பிப் போட்ட சம்பவங்கள் கடலுக்கு அப்பால் நடந்தன.

1985-ல் லண்டனில் எர்த்வொர்க்ஸ் என்ற சிறிய நிறுவனம் 'தி இன்டெஸ்ட்ரக்டிபிள் பீட் ஆஃப் சோவெட்டோ' என்றொரு தொகுப்பை வெளியிட்டது. மஹ்லாத்தினியின் உறுமலும் ம்பகாங்கா கிட்டாரும் ஐரோப்பியக் காதுகளுக்கு எட்டின. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பம் வந்தது. நிறவெறி அரசை எதிர்த்து உலகக் கலைஞர்களின் கலாசாரப் புறக்கணிப்பு நடக்கும்போது ஜோகன்னஸ்பர்க் போய் ஒலிப்பதிவு செய்யலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. சண்டை நடக்க நடக்கத் தட்டும் விற்றது. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. அதோடு, பாட்டின் பின்னால் ஒலிக்கிற இந்த கிட்டார் எங்கிருந்து வருகிறது, அசல் ஆட்கள் யார் என்று தேடுகிற கூட்டமும் உருவானது.

தேடியவர்களுக்குப் பதில் சொல்வதுபோல வந்தது மஹ்லாத்தினியும் குவீன்ஸும் பாடிய 'தோகொசிலே' ஆல்பம். அதில் 'சிபுயிலே' என்று ஒரு பாட்டு. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம் என்று பொருள். 'லிலிசெலா ம்லிலிசெலி' என்று இன்னொன்று. குலவை போடச் சொல்கிற பாட்டு. 1987-ல் பிரான்ஸின் அங்குலேம் நகர இசை விழாவுக்கு அழைப்பு வந்தது. அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா என்று பயணம் நீண்டது. 1989-ல் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் என்ற பிரிட்டிஷ் எலெக்ட்ரானிக் இசைக் குழுவோடு சேர்ந்து 'யெபோ!' பாடினார்கள். கம்ப்யூட்டர் தாளத்துக்கு மேல் அதே உறுமல், அதே குலவை.

மேடையில் மூன்று பெண்கள்

அந்தக் காலத்து நிகழ்ச்சிப் பதிவுகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது உடை. தலையில் ஜூலு இனத்தின் மணமான பெண்கள் அணியும் அகலமான வட்டத் தொப்பி. கழுத்திலும் இடுப்பிலும் பாசிமணிகள். கீழே பார்த்தால் காலில் கேன்வாஸ் ஷூ! 1960-களில் இவர்களைக் கன்னிப்பெண்கள் என்று பெயரிட்டு விற்றார்கள். இப்போது வீட்டுப் பெரியவளின் தொப்பியைத் தாங்களே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். வயதை மறைக்கிற முயற்சி எதுவும் கிடையாது. அதையே ஆபரணமாகப் பூண்டு வந்து நின்றார்கள்.

ஷூ எதற்கு என்பது பாட்டு தொடங்கியதும் தெரிந்துவிடும். மூவரும் ஒரே வரிசையில் நின்று முழங்காலை மார்புவரை தூக்கித் தரையில் ஓங்கி மிதிப்பார்கள். குனிவார்கள், சுழல்வார்கள், தோளைக் குலுக்குவார்கள். மஹ்லாத்தினி விலங்குத்தோல் உடுத்தி நடுவில் வந்து உறுமினால், மூவரும் இடுப்பில் கைவைத்து அவரை முறைப்பார்கள். அடுத்த நொடி கேலியாகச் சிரித்துவிட்டுப் பாட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். இருபது வயதுப் பெண் அந்த முறைப்பை நடிக்கத்தான் முடியும். இந்தப் பெண்கள் அந்த மனிதரையும் அவர் கோபதாபங்களையும் கால் நூற்றாண்டு பார்த்தவர்கள்.

குரலிலும் வயது வேலை செய்தது. மேல்ஸ்தாயியில் கீச்சிடுகிற பாட்டாக இருந்திருந்தால் நாற்பதுக்கு மேல் திண்டாட்டம்தான். ம்பகாங்காவின் பெண் குரல் நெஞ்சிலிருந்து வருவது. கொஞ்சம் கனத்து, கொஞ்சம் சொரசொரப்பு ஏறினால் அதற்கு அழகு கூடவே செய்யும். ஐந்து குரல் செய்த வேலையை இப்போது மூன்று குரல் செய்தது. யார் எங்கே மூச்சு வாங்குவார், யார் எந்தச் சொல்லைச் சற்றே இழுப்பார் என்பது மற்ற இருவருக்கும் அத்துப்படி. இளம்பெண்களை மாற்றி மாற்றி நிறுத்திய கம்பெனியால் இந்த ஒத்திசைவைக் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. இருபதில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றிருந்த இடம், நாற்பதில் இவர்களைத் தவிர யாரையும் நிறுத்த முடியாத இடமாகிவிட்டது.

வெம்ப்ளியும் வீடும்

1988 ஜூன் 11. லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளுக்கான இசை விழா. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரில் கூடினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் டி.வி.யில் ஒளிபரப்பானது. உலகப் புகழ் பெற்ற ராக், பாப் நட்சத்திரங்கள் வரிசைகட்டிய அந்த மேடையில் மஹ்லாத்தினியும் மஹோட்டெல்லா குவீன்ஸும் பாடினார்கள். பிறந்தநாள்காரர் அப்போது சிறையில் இருந்தார். தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி விழாவைக் காட்டவில்லை. அரசு ரேடியோவின் பாட்டு என்று இளைஞர்கள் ஒதுக்கிய இசை, அந்த அரசை எதிர்க்கும் மேடையில் ஒலித்தது. பாட்டு மாறவில்லை. பாடுகிறவர்கள் எங்கே, யாருக்காக நிற்கிறார்கள் என்பது மாறியிருந்தது.

வெளிநாட்டு ரசிகர்கள் இதில் ஒரு தவறும் செய்தார்கள். ஆப்பிரிக்க மண்ணின் ஆதி இசை, கலப்படமில்லாத கிராமத்துக் குரல் என்றெல்லாம் உருகினார்கள். மின்சார கிட்டாரும் கண்டிப்பான தயாரிப்பாளரும் விற்பனைக் கணக்குமாக நகரத்து ஸ்டூடியோவில் பிறந்த பாப் இசை இது. நாட்டார் மெட்டு அதில் உண்டு. அதை நெய்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். அந்தத் தொழில் திறமையைப் பார்க்காமல் மண்வாசனையை மட்டும் புகழ்வது, பெயரைப் பிடுங்கிய பழைய வேலையின் இன்னொரு வடிவம். பாடகியின் உழைப்பு அங்கேயும் மறைந்துபோகிறது.

வீட்டிலும் முரண்பாடு இருந்தது. பாரிஸில் டிக்கெட் விற்றுத் தீரும். சோவெட்டோவில் இளைஞர்களின் காதில் வேறு இசை ஓடும். 1990-களில் க்வைட்டோ என்ற புது நடன இசை கிளம்பியபோது குவீன்ஸ் இன்னும் பழையவர்களானார்கள். ஆனாலும் ஆல்பங்கள் தொடர்ந்து வந்தன. வயிற்றுப்பாட்டுக்கு வெளிநாட்டுப் பயணம், மனநிறைவுக்கு உள்ளூர் மேடை என்று ஓடினார்கள்.

சிங்கம் போன பிறகு

பெரிய அடி 1998-ல் விழுந்தது. ஒரே ஆண்டில் மார்க்ஸ் மன்க்வானேயும் வெஸ்ட் நிகோசியும் இறந்தார்கள். 1999 ஜூலையில் மஹ்லாத்தினியும் போய்ச் சேர்ந்தார். கிட்டார் போயிற்று, சாக்ஸபோன் போயிற்று, சிங்கமும் போயிற்று. இனி இந்தப் பெண்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்விதான் எல்லோர் மனதிலும். அப்போது மூவருக்கும் வயது ஐம்பதுக்கு மேல்.

அவர்கள் வேறு உறுமல்காரரைத் தேடவில்லை. மூன்று பெண்கள் மட்டுமே முன்னால் நிற்கும் குழுவாகத் தொடர்ந்தார்கள். 2000-ல் பெர்லினில் உலக இசைத் துறையின் வோமெக்ஸ் விருது அவர்களுக்குக் கிடைத்தது. 2001-ல் 'செபாய் பாய்' ஆல்பம் வந்தது. அதுவரை யாரோ ஒருவரின் பின்னால் நிற்கும் பெண்கள் என்று எழுதிவந்த பத்திரிகைகள், பாட்டின் முதுகெலும்பு எப்போதும் இவர்கள்தான் என்று கண்டுகொண்டன. பழைய தட்டுகளைப் போட்டுக் கேட்டால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2021-ல் நோபெசுத்து ம்பாடு மறைந்தார். மில்ட்ரெட் அதற்கு முன்பே மேடையிலிருந்து விலகியிருந்தார். எண்பதைத் தொட்ட பிறகும் ஹில்டா நிறுத்தவில்லை. அமாண்டா நிகோசி, நோன்கு மசேகோ என்ற இரண்டு இளைய பாடகிகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மஹோட்டெல்லா குவீன்ஸ் என்ற பெயரிலேயே பாடினார்.

பழைய பெயர், புதிய பெண்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கம்பெனி செய்ததும் இதேதான். அன்று பெயருக்குச் சொந்தக்காரிகள் வெளியே இருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் குரல் அடுக்கைக் கட்டிய முதல் ஐவர் பக்கத்தில் இல்லை. இந்த முறை அந்தப் பெயரை ஊரறியச் செய்த பெண்ணே மேடையின் நடுவில் நின்றார். இளைய பெண்கள் அவர் மூச்சு வாங்கும் இடத்தைப் பார்த்துத் தங்கள் மூச்சை வாங்கினார்கள். நடுவயதில் வந்த வெற்றி இவர்களுக்கு விருதையும் விமான டிக்கெட்டையும் கொடுத்தது. அவற்றைவிடப் பெரியதாக, தங்கள் பெயரைத் தாங்களே அடுத்தவர் கையில் கொடுக்கும் உரிமையையும் கொடுத்தது.